பதினொன்று ஐம்பதுக்குள் ஒரு குன்று

என் மகள் கிண்டர்கார்டனில் சேர்ந்த வருஷம் எனக்கு முப்பத்தாறு வயது. காலை எட்டு இருபதுக்கு அவளை வகுப்பு வாசலில் விட வேண்டும். பதினொன்று ஐம்பதுக்கு அதே வாசலில் நின்று கூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிஷம் தாமதமானாலும் பிள்ளையை ஆபீசுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போய்க் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரே ஒரு தடவை அப்படிப் போட்டேன். மகள் கார் சீட்டில் ஏறிப் பெல்ட் மாட்டினாள். பிறகு, "யூ வேர் லேட், அம்மா" என்றாள். அவ்வளவுதான்.

கோபிச்செட்டிபாளையத்தில் பத்து வருஷம் மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். அமெரிக்காவில் ஃபிரீமாண்டுக்கு வந்த பிறகு வேலைக்குப் போக அனுமதி இல்லை. வீட்டுக்காரரின் விசாவோடு ஒட்டி வந்தவர்களுக்கு அப்போது அதுதான் சட்டம். மகன் மூன்றாம் வகுப்பு, மதியம்தான் வருவான். வீட்டுக்காரர் ராத்திரி ஏழு மணிக்கு வருவார். ஆக, அந்த மூன்றரை மணி நேரம் மட்டும் யாருக்கும் நான் தேவையில்லை. முதல் இரண்டு வாரம் வீட்டைத் துடைத்தேன், துணி மடித்தேன், ஊரில் எல்லாரும் தூங்கும் நேரம் என்று தெரிந்தும் போனை எடுத்து எடுத்து வைத்தேன்.

எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நின்றால் கிழக்கே குன்றுகள் தெரியும். செப்டம்பரில் அவை காய்ந்த வைக்கோல் நிறத்தில் இருக்கும். ஒரு மரம் இருக்காது, நிழல் இருக்காது. உச்சிவரை ஒரு மண் பாதை வளைந்து வளைந்து போவது மட்டும் நன்றாகத் தெரியும். காட்டுத்தீ வந்தால் தீயணைப்பு வண்டி ஏறுவதற்காக வெட்டிய பாதை. மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, மகளை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பாமல் நேராக அந்தக் குன்றின் அடிவாரத்துக்கு ஓட்டினேன். சுடிதாரும் தள்ளுபடிக் கடையில் வாங்கிய வெள்ளை ஷூவுமாக ஏற ஆரம்பித்தேன்.

பாதையில் மூன்று இடங்களில் கேட் உண்டு. மேய்கிற மாடுகள் வெளியே போகாமல் இருக்க இரும்பு கேட்டில் சங்கிலி போட்டிருப்பார்கள். திறந்து, நுழைந்து, மறக்காமல் மாட்ட வேண்டும். அன்றைக்கு முதல் கேட்டைத் தாண்டியதும் நெஞ்சு அடைத்தது. இரண்டாவது கேட்டில் கையை வைத்தபோது மணி பத்தேகால். திரும்ப வேண்டிய நேரம். உச்சி இன்னும் தலைக்கு மேலே அப்படியே இருந்தது.

இரவு ஒரு பழைய நோட்டில் கணக்குப் போட்டேன். காரிலிருந்து உச்சிக்கு மூன்று மைல். ஏற ஒன்றே முக்கால் மணி நேரம், இறங்க ஒன்றேகால். மொத்தம் மூன்று. போக வரக் கார் ஓட்டும் நேரம் போக என் கையில் இருப்பதோ இரண்டு மணி ஐம்பது நிமிஷம். பத்து நிமிஷம் உதைத்தது. அந்தப் பத்து நிமிஷத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். ஏற்றத்தில் எடுக்க முடியாது, அங்கே உயிரே போகிறது. இறக்கத்தில் ஓடினால்?

இப்படித்தான் நான் ஓட ஆரம்பித்தேன். ஆரோக்கியம், எடைக் குறைப்பு எதுவும் மனதில் இல்லை. பிள்ளையை ஆபீசில் உட்கார வைக்காமல் அந்த உச்சியைத் தொட வேண்டும். முதலில் இறக்கத்தில் மட்டும் ஓடினேன். பிறகு பாதை கொஞ்சம் சமமாகிற இடங்களில். சரளைக் கல்லில் இரண்டு தடவை வழுக்கி உட்கார்ந்தேன். துப்பட்டா கேட் சங்கிலியில் மாட்டிக் கிழிந்த மறுநாளிலிருந்து ஒரு டீஷர்ட் வாங்கிப் போட்டுக்கொண்டேன். நவம்பரில், நன்றி சொல்லும் பண்டிகை லீவுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, பத்து மணி இருபத்திரண்டு நிமிஷத்துக்கு உச்சியில் நின்றேன். காற்று ஆளைத் தள்ளியது. கீழே வளைகுடாவும் உப்பளங்களும் கண்ணுக்கெட்டியவரை வீடுகளும். இரண்டு நிமிஷம் நின்றேன். அதற்கு மேல் நிற்க நேரமில்லை. பதினொன்று நாற்பத்தெட்டுக்குக் கிண்டர்கார்டன் வாசலில் இருந்தேன்.

அங்கேதான் இன்னொரு அம்மா என் காலைப் பார்த்தாள்.

அவளுடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. கீழக்கரைக்காரி. ஊரில் பார்மசி படித்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். அவர்களுக்குக் கிரீன் கார்டு இருந்ததால் வேலைக்குத் தடையில்லை, ஆனால் முதலில் வெளிநாட்டுப் பார்மசிஸ்டுகளுக்கான தேர்வு ஒன்று எழுத வேண்டும். அதற்குப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஐந்து வயது சின்னவள். அதுவரை வாசலில் சிரித்துக்கொள்வதோடு சரி.

"ஷூவெல்லாம் மண்ணா இருக்கே அக்கா. எங்க போயிட்டு வர்றீங்க?"

மலையைக் காட்டினேன்.

"அது மேலயா? தனியாவா?" என்றாள். கொஞ்ச நேரம் மலையையே பார்த்தாள். "நாளைக்கு நானும் வரவா? வீட்ல உக்காந்து படிச்சா தூக்கம்தான் வருது."

மறுநாள் முழுக்கை சட்டை, தளர்வான பேன்ட், தலையில் இறுக்கிக் கட்டிய கறுப்பு ஸ்கார்ஃப், கையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு அட்டைகளோடு வந்தாள். ஒரு பக்கம் மருந்தின் பெயர், மறுபக்கம் அதன் குணம். "ஏறும்போது ஓட முடியாதுல்ல? நீங்க கேள்வி கேளுங்க, நான் பதில் சொல்றேன்" என்றாள். வகுப்பறையை விட்டு இரண்டு வருஷமாகியிருந்த எனக்குக் கேள்வி கேட்கச் சொன்னால் கசக்குமா? ஏற்றம் முழுக்க நான் மூச்சு வாங்க ஒவ்வொரு அட்டையாகப் படிப்பேன், அவள் மூச்சு வாங்கப் பதில் சொல்வாள். தப்பான பதிலுக்கு அட்டை கட்டின் அடிக்குப் போகும். உச்சியில் அட்டைகளை இடுப்புப் பையில் போட்டுவிட்டு இருவரும் கீழ்நோக்கி ஓடுவோம். ஓடும்போது பேச்சு கிடையாது.

மழைக்காலம் வந்ததும் குன்று பச்சையானது. பாதை களிமண்ணானது. ஒவ்வொரு காலடிக்கும் மண் ஒட்டி ஒட்டி ஷூ அம்மிக்கல் கனம் கனக்கும். கேட் கம்பியில் தேய்த்துச் சுரண்டிவிட்டு மறுபடி ஓடுவோம். பிப்ரவரிக்குள் எங்களுக்கு நாலைந்து பாதைகள் அத்துப்படி. காகித வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டு, நோட்டில் தமிழில் குறித்துவைத்தேன். "இரண்டாவது கேட், இடது, ஓடை, வழுக்கும்." "தண்ணீர்த் தொட்டி, வலது, செங்குத்து, நடக்கவும்." பள்ளி நேரத்துக்குள் முடிகிற பாதைக்குப் பள்ளிக்கூட ரூட் என்று பெயர். சனிக்கிழமை மட்டும் போகக்கூடிய நீளமான பாதைக்கு லீவு ரூட். சனிக்கிழமைகளில் பிள்ளைகளை வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். முனகிக்கொண்டுதான்.

அடிவாரத்து அறிவிப்புப் பலகையில் ஒரு நாள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஏப்ரலில் அதே குன்றுகளில் ஒரு பந்தயம். பதின்மூன்று மைல், காலை எட்டு மணிக்குத் தொடக்கம். ஒன்பதாவது மைலில் ஒரு மேசை இருக்கும். பத்தரை மணிக்குள் அங்கே வராதவர்களை நிறுத்தி வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

"அக்கா, நம்மளாலெல்லாம் முடியுமா?" என்றாள்.

"கணக்குப் போட்டுப் பாக்கலாம் கண்ணு" என்றேன். அன்றிரவே போட்டேன். வழக்கம்போல ஏழெட்டு நிமிஷம் உதைத்தது. மறுநாள் இருவரும் பெயர் கொடுத்தோம்.

இதற்குப் பிறகு நடந்ததில் என் பங்கு என்ன என்பதை நான் மறைக்காமல் எழுத வேண்டும்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை, பந்தயப் பாதையில் நாங்கள் பார்க்காத பின்பக்கத்தை ஓடிப் பார்க்கப் போனோம். தூறல். ஆள் நடமாட்டமே இல்லை. ஆறாவது மைலில், நோட்டில் குறித்திருந்த மாடுகளுக்கான தண்ணீர்த் தொட்டி வந்தது. அங்கே நின்று, "கால் ரொம்ப டயர்டா இருக்கு அக்கா, திரும்பிடலாமா?" என்று கேட்டாள். என் கையில் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது மைலுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"இன்னும் ஒரு வளைவுதான்" என்றேன்.

வளைவு முடிந்ததும் மறுபடி கேட்டாள். மறுபடி அதையே சொன்னேன். மூன்றாவது வளைவுக்குப் பிறகு பாதை செங்குத்தாக இறங்கியது. ஈரக் களிமண்மேல் சரளைக் கல். நான் முன்னால் ஓடினேன். பின்னாலிருந்து "உம்மா!" என்று ஒரு சத்தம். திரும்பினால், அவள் இடது காலை மடித்தபடி பாதையோரப் புல்லில் கிடந்தாள்.

ஷூவைக் கழற்றவிடவில்லை. "கழட்டினா திரும்பப் போட முடியாது, வீங்கிரும்" என்றாள். வலியிலும் ஆஸ்பத்திரிக்காரியாகத்தான் பேசினாள். என் போனைத் திறந்தேன், சிக்னல் இல்லை. அவளுடையதிலும் இல்லை. வந்த வழியே திரும்பினால் ஏழு மைல். முன்னால் போனால் மறுபக்கத்து பார்க்கிங் இரண்டரை மைல் என்று வரைபடம் சொன்னது. அவளை அங்கே விட்டுவிட்டு நான் ஓடிப்போய் ஆளைக் கூட்டி வரலாம். அதைச் சொன்னதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "தனியா விட்டுட்டுப் போகாதீங்க அக்கா."

என் உயரம் ஐந்தடி. அவள் என்னைவிட நாலு விரற்கடை உயரம். என் மழைக்கோட்டைச் சுருட்டி அவள் கணுக்காலைச் சுற்றி ஷூ லேஸால் கட்டினேன். அவளுடைய இடது கையை என் தோளில் போட்டுக்கொண்டு நின்றோம். ஒற்றைக் காலால் பத்து எட்டு, பிறகு நிற்பது. மறுபடி பத்து எட்டு. செங்குத்தான இடங்களில் அவள் உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கினாள். நான் கீழே நின்று அவள் காலைத் தாங்கிப் பிடித்தேன். முதல் அரை மைலுக்கே ஒரு மணி நேரம் ஆனது. அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை வந்தது. அழுதால் இருவரும் அங்கேயே உட்கார்ந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது.

"வார்ஃபரின் சாப்பிடறவங்களுக்கு ஆஸ்பிரின் குடுக்கலாமா?" என்றேன்.

புரியாமல் பார்த்தாள். அட்டைகள் கையில் இல்லை. ஆனால் நாலு மாதம் படித்துப் படித்து எனக்கே பாதி மனப்பாடம்.

"சொல்லு."

"கூடாது" என்றாள் மூக்கை உறிஞ்சியபடி. "ப்ளீடிங் ஆகும்."

"அடுத்தது."

மருந்து மருந்தாகக் கேட்டுக்கொண்டே போனேன். பத்து எட்டுக்கு ஒரு கேள்வி. கடைசி அரை மைலில் ஒரு நாயோடு வந்த வயதான அமெரிக்கத் தம்பதி எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்கள். அந்த மனிதர் இன்னொரு பக்கம் தோள் கொடுத்தார். நாங்கள் பார்க்கிங்கைத் தொட்டபோது மதியம் ஒன்றரை மணி.

சிக்னல் வந்ததும் அவள் வீட்டுக்காரருக்குப் பேசினாள். அரை மணியில் வந்தார். மென்மையான மனிதர், வாசலில் பார்த்தால் "சிஸ்டர், சௌக்கியமா?" என்று கேட்காமல் போகமாட்டார். அன்றைக்கு அவளைத் தூக்கிக் காரில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "எக்ஸாமுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

எலும்பு முறிவு. முழங்கால்வரை மாவுக்கட்டு.

என் வீட்டிலும் நல்ல வரவேற்புதான். "ஊருல இருந்து இவ்வளவு தூரம் வந்தது மலையில ஓடி ஒருத்தி கால ஒடைக்கவா?" என்றார் வீட்டுக்காரர். "போதும் புள்ள. விட்டுரு."

மறுநாள் பருப்பும் ரசமும் வைத்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலிலேயே வாங்கிக்கொண்டு, "தூங்குறா" என்றார். மறுநாளும் தூங்கினாள். மூன்றாம் நாள், "பாப்பாவ ஸ்கூலுக்கு நான் கூட்டிட்டுப் போறேனுங்க, கூட்டிட்டும் வர்றேன்" என்றேன். யோசித்தார். அவருக்கும் ஆபீஸ் இருந்தது, வேறு ஆளில்லை. தலையாட்டினார். அதன்பின் தினமும் காலை எட்டு மணிக்கு அவர் கதவைத் திறப்பார், பிள்ளை வெளியே வரும், கதவு மூடும். பதினொன்று ஐம்பதுக்கு மேல் நான் கொண்டுவந்து விட்டால், ஊன்றுகோல் சத்தம் கேட்கும், கதவு அரைவாசி திறக்கும், அவள் முகம் தெரியும். "தேங்க்ஸ் அக்கா" என்பாள். உள்ளே கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

எட்டு நாள் அப்படிப் போனது. அவர் என்மேல் கோபப்பட்டது எனக்கு வருத்தமில்லை. அவருக்கு முழுசாகத் தெரியாது என்பதுதான் உறுத்தியது. ஒன்பதாம் நாள் சாயங்காலம், அவர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போய் மணியை அடித்தேன்.

"ஒரு விஷயம் சொல்லோணுங்க" என்றேன். "அன்னைக்கு அவ திரும்பிடலாம்னு சொன்னா. ரெண்டு தடவ சொன்னா. நான்தான் கேக்கல."

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். "திரும்பலாம்னு சொன்னாளா?"

"ஆமாங்க."

"அவதான் இன்னும் கொஞ்ச தூரம் போகணும்னு பிடிவாதம் பிடிச்சதா எங்கிட்ட சொன்னா. நீங்க வேண்டாம்னீங்களாம்."

உள்ளே சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள், மடியில் அட்டைக் கட்டோடு, எங்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, உள்ள வாங்க சிஸ்டர்" என்றார் கடைசியில். "டீ போடுறேன்."

அவர் அடுப்படிக்குப் போனதும், "ஏன் கண்ணு பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"உண்மையச் சொன்னா உங்ககூட இனிமே விடமாட்டாங்களே" என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "ஆனா எனக்கு உங்க மேல கோபம் இருக்கு அக்கா. ரெண்டு தடவ சொன்னேன்."

"ஆமா, சொன்ன."

"இனிமே ஒரு தடவ சொன்னா போதும். சரியா?"

"சரி" என்றேன்.

பந்தயத்துக்கு நான் மட்டும் போனேன். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் அவள் ஒற்றைக் காலால் இறங்கியதைக் கண்ணால் பார்த்தவள், இரண்டு காலையும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, "போறதுன்னா போ. நான் குழந்தைகளக் கூட்டிட்டு முடியற எடத்துல நிக்கறேன்" என்றார்.

பாதை பிரியும் இடங்களில் அடையாளத்துக்குக் கம்பத்திலும் வேலியிலும் ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஆறாவது மைல் தொட்டியருகே ரிப்பன் எதுவும் இல்லை. மாடுகள் தின்றுவிட்டன என்று பிறகு தெரிந்தது. ஒரு பசுவின் வாயோரத்தில் ஆரஞ்சு நுனி தொங்கியதை ஒருவர் பார்த்திருக்கிறார். வலதுபக்கம் ஏற வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் எனக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர், எல்லாரும் நெட்டையான, நல்ல ஷூ போட்ட அமெரிக்கர்கள், இடதுபக்கம் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப்போகிறது என்று நினைத்து நானும் இறங்கினேன். முக்கால் மைல் போனபின் முன்னால் போனவர்கள் எல்லாரும் திரும்பி ஏறி வந்தார்கள்.

ஒன்பதாவது மைல் மேசைக்குப் போனபோது பத்து முப்பத்தாறு. ஆறு நிமிஷம். கிளிப்போர்டு வைத்திருந்த பெண், "சாரி ஹனி" என்று சொல்லி என் நெஞ்சிலிருந்த நம்பர் தாளின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டாள். பிக்கப் டிரக்கின் பின்பக்கத்தில் இன்னும் ஐந்து பேரோடு முடிவிடத்துக்குப் போய் இறங்கினேன். மகன் ஓடி வந்தான். "அம்மா, வை ஆர் யூ இன் எ டிரக்?"

யார் மேலும் கோபம் வரவில்லை. மாட்டின் மேல்கூட இல்லை. தெரிந்த வழியை விட்டுவிட்டுத் தெரியாதவர்கள் பின்னால் போனேனே என்றுதான் அன்று முழுக்க உள்ளே எரிந்தது. வீட்டுக்கு வந்து குளிக்கும் முன்பே நோட்டை எடுத்து, அடுத்த வருஷத்துக்கு என்று ஒரு பக்கத்தைப் பிரித்தேன்.

அவள் மே மாதம் மாவுக்கட்டோடு போய்ப் பரீட்சை எழுதினாள். பாஸ் செய்தாள். ஆகஸ்டில் மறுபடி என்னோடு முதல் கேட்வரை நடந்தாள். ஏறுவதில் கஷ்டமில்லை. இறங்கும்போதுதான் பிரச்சினை. சரிவின் விளிம்பில் நிற்பாள், ஒரு காலைத் தூக்குவாள், மறுபடி அங்கேயே வைப்பாள். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது அவளுக்கும் தெரியும். கால் கேட்கவில்லை.

"அக்கா, முடியல" என்பாள். சொன்ன உடனே இருவரும் நடந்து இறங்குவோம். மறு வார்த்தை நான் பேசியதில்லை. சில நாள் வாய் வரை வரும், கடித்துக்கொள்வேன்.

அக்டோபரில் அவளே ஒரு வழி சொன்னாள். இறக்கத்தில் அவள் முன்னால் போவாள், நான் பின்னால். எவ்வளவு வேகம் என்பதை அவள்தான் முடிவு செய்வாள். முதல் மாதம் முழுக்க அது நடையைவிட மெதுவாக இருந்தது. என்னைத் தாண்டி நாய்களும் பாட்டிகளும் போனார்கள். நவம்பரில் பத்தடி ஓடினாள், நின்றாள். அடுத்த வாரம் ஒரு வளைவு. குழந்தைகள் இருவரும் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டதால் மதியம்வரை நேரமிருந்தது. ஆனால் அவள் ஒரு மருந்துக்கடையில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள், வாரத்தில் இரண்டு காலைகள்தான் கிடைத்தன. மற்ற நாட்களில் நான் தனியாகப் போனேன். டிசம்பரில் ஒரு புதன்கிழமை, மூன்றாவது கேட்டிலிருந்து கார்வரை எங்கும் நிற்காமல் அவள் ஓடினாள். கீழே வந்து திரும்பிப் பார்த்து, "ஷிஃப்டுக்கு லேட்டாயிருச்சு அக்கா" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துப் போய்விட்டாள். நான் அடிவாரத்தில் தனியாக நின்று, யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு, கொஞ்சம் குதித்தேன்.

அடுத்த ஏப்ரலில் நாங்கள் இருவரும் ஓடினோம். ரிப்பன் இல்லை, தரையில் வெள்ளை மாவால் அம்பு போட்டிருந்தார்கள். முந்தின இரவு மழை பெய்ததால் பாதி அம்புகள் கரைந்திருந்தன. எனக்கு அம்பு தேவைப்படவில்லை. தொட்டியருகே யாரையும் பார்க்காமல் வலதுபக்கம் திரும்பினேன். அவள் விழுந்த சரிவில் அவளே முன்னால் இறங்கினாள். நிற்கவுமில்லை, பேசவுமில்லை.

எட்டாவது மைலில் எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நிற்காமல் நடக்க மட்டும் முடிந்தது. மணி பத்து பத்து.

"நீ போ கண்ணு" என்றேன்.

"வேண்டாம்கா, சேந்தே போவோம்."

"ஒரு தடவ சொன்னா போதும்னு நீதான சொன்ன? போ."

அவள் தன் வாட்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போனாள். கறுப்பு ஸ்கார்ஃப் வளைவில் மறைந்தது. போகச் சொன்னது நான்தான். இருந்தாலும் போய்விட்டாளே என்று ஒரு நிமிஷம் சுருக்கென்றது. பிறகு அதற்கும் நேரமில்லை. வலிக்கிற காலை இழுத்து இழுத்து நடந்தேன். மேசை தெரிந்ததும் ஓடினேன். அது ஓட்டம்தானா என்று தெரியாது. கிளிப்போர்டு வைத்திருந்த ஆள் வாட்சைத் தூக்கிக் காட்டினார். இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருந்தது. "கோ, கோ, கோ!" என்று கத்தினார். ஒரு வாய் உப்புத் தண்ணீரும் இரண்டு ஆரஞ்சுச் சுளையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் எனக்குப் பதினொரு நிமிஷம் முன்னால் முடித்தாள். எனக்குப் பின்னால் மூன்று பேர்தான். முடிவுக் கோட்டில் என் வீட்டுக்காரர், அவள் வீட்டுக்காரர், மூன்று பிள்ளைகள், எல்லாரும் நின்றிருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் கையில் ஐஸ் பை ஒன்று இருந்தது. அவள் காலுக்காகக் கொண்டு வந்தது. அவள் காலைப் பார்த்து, வீக்கம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதை என்னிடம் நீட்டினார்.

"வைங்க சிஸ்டர். உங்களுக்குத்தான் தேவைப்படுது."

புல்லில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தோம். நான் கட்டிக்கொண்டு போயிருந்த எலுமிச்சஞ்சாதத்தையும் அவர்கள் கொண்டு வந்த முட்டையையும் எல்லாரும் சாப்பிட்டோம். எங்களுக்கு மெடலாக மரத்தில் செய்த ஒரு சின்ன வட்டு கொடுத்திருந்தார்கள். என் மகள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள், அவள் மகள் பிடுங்கினாள், இரண்டும் சண்டை போட்டன.

மறுநாள் காலையில் அபார்ட்மெண்ட் படியில் என்னால் நேராக இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினேன். மகள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, யூ லுக் லைக் எ கிராப்" என்றாள், நண்டு மாதிரி இருக்கிறேனாம். போன் அடித்தது. அவள்தான். அவள் வீட்டிலும் மாடிப்படி உண்டு.

"அக்கா, நீங்க எப்படி எறங்குனீங்க?"

"பின்னால திரும்பி."

"நான் உக்காந்து உக்காந்து எறங்குனேன்" என்றாள். இருவரும் சிரித்தோம். சிரித்தால் வயிறும் வலித்தது. "புதன்கிழமை எனக்கு ஷிஃப்ட் கிடையாது. போவோமா?"

"மெதுவாப் போவோம்" என்றேன்.

புதன்கிழமை போனோம். மழைக்குப் பிறகு புல் இடுப்புவரை வளர்ந்திருந்தது. முதல் கேட்டுக்கு அப்பால் கடுகுப்பூ மஞ்சளாக விரிந்திருந்தது. அன்றைக்கு நாங்கள் எங்கும் ஓடவில்லை.